பாதாள சாக்கடைக்கு டெபாசிட் கேக்குறாங்க, கட்டலாமா? (ஆலந்தூர்ல இருந்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க)

#1 ஏரிக்கரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க நகராட்சில பாதாள சாக்கடை திட்டம் வருது, வீட்டுக்கு இவ்ளோ டெபாசிட், அதுக்கப்புறம் மாசாமாசம் கட்டணம்னு வீடு வீடா நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நலச்சங்க கூட்டத்துல இத எடுத்தோம், கத்துனதுதான் மிச்சம். பாதிப் பேரு சொத்து வரி கட்டுறோம்ல அதுல போடட்டும்ங்கறாங்க, மீதிப் பேரு செப்டிக் டேங்க் லாரிக்கு அழுவுற காசுக்கு இத கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்ங்கறாங்க.

எங்க தெருவுல எல்லாம் முப்பதுக்கு நாப்பது மனைதான், முன்னாடி போர், பின்னாடி செப்டிக் டேங்க், பக்கத்து வீட்டுக்காரரோட டேங்க் நம்ம போருக்கு ஒட்டி இருக்கும். மழைக்காலத்துல டேங்க் நெரம்பி தெருவுக்கே வந்துரும், ஏரிக்குப் போற வாய்க்கால்ல ராத்திரியோட ராத்திரியா லாரி வந்து கொட்டிட்டுப் போறதும் நடக்குது. அதனால திட்டம் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பக்கத்து ஊர்ல தோண்டிப் போட்டுட்டு ரெண்டு மழ பாத்தாச்சு, ரோடு இன்னும் போடல, அத பாக்கும்போது பணம் எடுத்துக் குடுக்க மனசு வரமாட்டேங்குது.

எனக்கு தெரிய வேண்டியது: இந்த டெபாசிட் பணம் எங்க போகும், பாதில நின்னா திரும்ப வருமா, ஏன் வரிலேருந்தே செய்ய முடியல. ஆலந்தூர்ல மக்களே பணம் கட்டி செஞ்சாங்கன்னு சொல்றாங்க, அது முழுசா தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க ப்ளீஸ்.

#2 கணக்கு_கேள்

கட்டாதீங்க. சொல்லிட்டேன்.

2022 ஏப்ரல்ல சொத்து வரி ஏத்தினாங்களே, 600 சதுர அடிக்குள்ள 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம். சென்னைல பழைய மாநகராட்சி ஏரியாவுல இன்னும் கூட, பெரிய வீட்டுக்கு 150 சதவீதம். என் அப்பா ரிட்டையர் ஆகி கட்டின வீடு அது, அந்த பென்ஷன்லேருந்துதான் வரி போகுது. சொத்து வரிக்குள்ளயே குடிநீர் வடிகால் வரின்னு ஒரு பங்கு இருக்கு, வடிகாலுக்குன்னு வாங்கிட்டு திரும்ப சாக்கடைக்கு தனியா டெபாசிட் கேட்டா அது என்ன நியாயம்? ஏற்கனவே வாங்கினதுக்கு தெருவாரியா கணக்கு வைக்கட்டும், அப்புறம் புதுசா கேக்கட்டும்.

#3 பழைய_ஆலந்தூர்

நான் ஆதம்பாக்கத்துல இருந்தவன், அப்ப எல்லாம் ஆலந்தூர் தனி நகராட்சி, 2011-லதான் சென்னை மாநகராட்சியோட சேத்தாங்க. பரங்கிமலை, நங்கநல்லூர், ஆதம்பாக்கம்னு கிண்டிய ஒட்டியே இருக்குற ஊரு, ஆனா சாக்கடை கிடையாது. எல்லாம் செப்டிக் டேங்க், தெரு ஓரத்துல திறந்த கால்வாய், கொசு. நீங்க உங்க தெருவ பத்தி எழுதினத படிச்சதும் எனக்கு எங்க தெரு அப்படியே ஞாபகம் வந்துச்சு.

1996 உள்ளாட்சி தேர்தல்ல ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவரா வந்தாரு, அவர்தான் இத கையில எடுத்தாரு. வீட்டுக்கு 5000 ரூபா டெபாசிட், கடை கம்பெனிக்கு 10000. அந்தக் காலத்துல 5000ங்கறது சின்னப் பணம் இல்ல தம்பி, நெறய வீட்ல அது ஒரு மாச சம்பளத்துக்கு மேல. தவணைல கட்டலாம்னாங்க. மாசக் கட்டணம் வீட்டுக்கு 150 ரூபாங்கற கணக்குல வெச்சாங்க, குடிசைப் பகுதிக்கு கொறச்சல். சாதாரணமா தேர்தல்ல ஜெயிச்சவங்க ஜனங்ககிட்ட போய் காசு குடுங்கன்னு கேக்கவே பயப்படுவாங்க, இவங்க நலச்சங்கம் நலச்சங்கமா ஏறி எறங்கி கூட்டம் போட்டாங்க, ஆட்டோல மைக் கட்டி சொன்னாங்க, வேல நடக்கும்போது பாக்குறதுக்கு குடியிருப்போர் இருக்குற கமிட்டியும் போட்டாங்க.

ஆனா கட்டினதுக்கு முக்கிய காரணம் என்னன்னு கேட்டா, அந்தப் பணம் தனிக் கணக்குல இருந்துச்சு, நகராட்சி சம்பளத்துக்கோ லைட்டு பில்லுக்கோ எடுக்க முடியாது, எவ்ளோ சேந்துருக்குன்னு கேட்டா சொன்னாங்க. 2000-ல வேல ஆரம்பிச்சு ஒரு மூணு வருஷத்துல நெட்வொர்க் ஓடுற நெலமைக்கு வந்துருச்சு. மொத்த செலவு 34 கோடி ரூபா பக்கம், அதுல டெபாசிட் ஒரு பங்குதான், மிச்சம் கடனும் மானியமும். பெருங்குடில சுத்திகரிப்பு நிலையத்த தனியார் கட்டி நடத்தினாங்க, நகராட்சி அவங்களுக்கு அனுப்புற கழிவுநீர் அளவுக்கு காசு குடுத்துச்சு.

தோண்டும்போது கஷ்டம்தான், மூட்ட முடிச்சோட சேத்துல நடந்துருக்கோம். ஆனா போட்டாங்க. அதனாலதான் சொல்றேன், கட்டலாம், யாருகிட்ட எந்த கணக்குல கட்டுறோம்ங்கறத பாத்துட்டு.

#4 கணக்கு_கேள்

ஐயா, அது ஒரு ஊரு, ஒரு தலைவரு. எல்லா ஊர்லயும் அப்படி ஆள் கிடைப்பாங்களா? எங்க வார்டு கவுன்சிலர பாக்கணும்னா கல்யாண மண்டபத்துலதான் பாக்க முடியுது. ஒரு மனுஷன் நல்லவரா இருந்தாதான் சாக்கடை வரும்னா அது திட்டம் இல்லைங்க, அதிர்ஷ்டம். வரிலேருந்து ஏன் செய்ய முடியலன்னு இந்தப் பேச்ச ஆரம்பிச்ச ஏரிக்கரைக்காரன் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

#5 டம்பி_லெவல்

நான் நகராட்சில பொறியாளரா இருந்து ஓய்வு பெற்றவன், பாதாள சாக்கடை திட்டங்கள்லயே பாதி சர்வீஸ் போச்சு. வரி பத்தின கேள்விக்கு நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

சென்னைல சொத்து வரிய 1998-க்கு அப்புறம் பொதுவா திருத்தினது 2022-லதான். மத்த ஊர்கள்ல 2008-க்கு அப்புறம் 2022. நடுவுல 2018-ல ஏத்தினாங்க, மக்கள் கட்டவும் ஆரம்பிச்சாங்க, 2019 நவம்பர்ல உள்ளாட்சி தேர்தல் பேச்சு வந்த நேரத்துல நிறுத்தி வெச்சுட்டாங்க, கூட கட்டினத அடுத்த அரையாண்டுல கழிச்சுக்கன்னு உத்தரவு. இதுக்கு நடுவுல சிமெண்ட், பைப்பு, டீசல், கூலி எதுவும் அதே வெலைல நிக்கல. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது, பதினாலு வருஷம் தூங்கிட்டு ஒரே நாள்ல ரெண்டு மடங்குன்னா கணக்கு_கேள் சாரோட அப்பா மாதிரி பென்ஷன்காரங்களுக்குத்தான் அடி. அவரோட கோவத்துல நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பழைய வரில ஊர ஓட்டவே முடியலங்கறதும் உண்ம. 2022 ஏத்தத்துக்கு மத்திய நிதிக்குழு (மத்திய வரிப் பணத்த மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் பிரிக்க சிபாரிசு பண்ற குழு) நிபந்தனையும் ஒரு காரணம், 15-வது நிதிக்குழு மானியம் வேணும்னா சொத்து வரி இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு கொறஞ்சபட்ச அளவு அறிவிக்கணும், மாநில வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி வசூல் ஏறணும்னு வெச்சாங்க.

நகராட்சிக்கு காசு எங்கேருந்து வருது? சொந்தமா சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, கடை வாடகை, குடிநீர் கட்டணம். அப்புறம் மாநில அரசு தன் சொந்த வரி வருமானத்துல 10 சதவீதத்த எல்லா உள்ளாட்சிக்கும் பிரிச்சுக் குடுக்குது. அப்புறம் மத்திய நிதிக்குழு மானியம், அதுல பெரும்பங்கு குடிநீர், சுகாதாரத்துக்குன்னு கட்டிப்போட்டது. அப்புறம் அம்ருத் மாதிரி மத்திய அரசோட நகர்ப்புறத் திட்ட நிதி. இதுல சம்பளம், பென்ஷன், குப்பை, தெருவிளக்கு கரண்ட் பில்லு, மோட்டர் கரண்ட் பில்லு போனா சின்ன ஊர்ல கையில ஒண்ணும் நிக்காது. நம்ம ஊரு மட்டும் இல்ல, இந்தியாவுல எல்லா நகராட்சி மாநகராட்சி வருமானத்தையும் கூட்டினாலே நாட்டோட மொத்த உற்பத்தில 1 சதவீதம் பக்கம்தான் வருதுன்னு ரிசர்வ் வங்கி 2022 அறிக்கைலயே இருக்கு, பிரேசில்ல அது 7 சதவீதத்துக்கு மேல.

இப்ப டெபாசிட் ஏன்னு சொல்றேன், இது யாரும் மேடைல சொல்றதில்ல. பணம் சேக்குறது அதோட ஒரு உபயோகம்தான். அதவிட முக்கியம், டெபாசிட் கட்டின வீடு கனெக்ஷன் எடுக்கும். மானியத்துல பூரா பைப்பையும் போட்டுட்டு, சுத்திகரிப்பு நிலையமும் கட்டிட்டு, வீட்டு இணைப்பு பாதி கூட வராம கெடக்குற ஊருங்கள நான் பாத்துருக்கேன். பைப்புல ஒரு அளவுக்கு ஓட்டம் இருந்தாதான் மண்ணு கசடு எல்லாம் அடிச்சுட்டுப் போகும், ஓட்டம் இல்லன்னா அடில தங்கி கெட்டியாகி அடைச்சுக்கும், அப்புறம் திட்டமே சரியில்லன்னு பேரு வரும். அந்த நிலையமும் கழிவுநீர் வராம காயும். கட்டுறதுக்கு மானியம் கிடைக்கும், ஓட்டுறதுக்கு எவனும் மானியம் தர மாட்டான், அது மாசக் கட்டணத்துலதான் ஓடணும். அதனால நோட்டீஸ்ல டெபாசிட் எவ்ளோங்கறத மட்டும் பாக்காதீங்க, மாசக் கட்டணம் எவ்ளோன்னு வெச்சிருக்காங்க, அதுல பம்பிங் ஸ்டேஷன் கரண்ட், ஆளு, ரிப்பேர், கடன் தவணை எல்லாம் அடங்குமான்னு கேளுங்க. கட்டணம் ரொம்ப கொறச்சலா இருந்தா சந்தோஷப்படாதீங்க.

#6 வாடகை_வீடு

எல்லாரும் வீட்டுக்காரங்களாவே பேசுறீங்க. நாங்க வாடகைக்கு இருக்கோம். போன தடவ வரி ஏறினதும் அடுத்த மாசமே வாடகை ஏறிச்சு, வரி அரையாண்டுக்கு ஒரு தடவ, வாடகை மாசாமாசம், ஏத்தினது எத்தன மடங்குன்னு நான் எழுத வேண்டியதில்ல. டெபாசிட்டும் எங்க தலைலதான் விடியும். ஆனா கூட்டத்துக்கு எங்கள யாரும் கூப்பிடறதில்ல, நலச்சங்கத்துல மெம்பரே ஓனருங்க மட்டும்தான்.

இன்னொண்ணு. லாரி தண்ணி வாங்குறதும், டேங்க் நெரம்பினா மொதல்ல வாசனைல கஷ்டப்படுறதும் கீழ் போர்ஷன்ல இருக்குற நாங்கதான். அதனால திட்டம் வேணாம்னு சொல்லல. டெபாசிட் ஓனர் பொறுப்பு, மாசக் கட்டணம் குடியிருக்கறவங்க பொறுப்புன்னு தெளிவா எழுத்துல இருக்கட்டும், சங்கத் தீர்மானத்துலயாவது இருக்கட்டும்.

#7 டம்பி_லெவல்

மேடம் சொல்றது முழுக்க சரி. டெபாசிட்ங்கறது அந்தச் சொத்தோட மதிப்ப ஏத்துற விஷயம், அத ஓனர்தான் போடணும். தீர்மானத்துல கண்டிப்பா சேருங்க.

#8 திருப்பூர்_வாசி

ஆலந்தூர் பத்தி பேசுறவங்க எங்க ஊரு தண்ணி கதையும் தெரிஞ்சுக்கணும். தொண்ணூறுகள்ல பனியன் கம்பெனி, சாயப்பட்டறை எல்லாம் பெருகி, தண்ணி கிடைக்காம லாரி லாரியா சுத்துப்பட்டு கிராமத்துக் கிணத்துலேருந்து வாங்கிட்டு இருந்தாங்க. அப்ப அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், நிதி நிறுவனம் எல்லாம் சேந்து தனி கம்பெனி ஆரம்பிச்சு, பவானி ஆத்துலேருந்து அம்பது கிலோமீட்டருக்கு மேல பைப் போட்டு ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர திட்டம், செலவு 1000 கோடிக்கு மேல, 2005-ல தண்ணி வந்துச்சு. கம்பெனிங்களுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபா, அந்த லாபத்துல வீட்டுக்கும் கிராமத்துக்கும் ரொம்ப கம்மி வெலைல. நெனச்சுப் பாத்தா அருமையான ஏற்பாடு, வசதி உள்ளவன் கூட குடுத்து வசதி இல்லாதவனுக்கு தண்ணி.

2011 ஜனவரில சாயக்கழிவு பிரச்சனைல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைய மூட உத்தரவு போட்டுச்சு. நொய்யல் ஆறு கெட்டதுக்கு அது வர வேண்டிய உத்தரவுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஒரே நாள்ல கூட வெல குடுத்து வாங்குற ஆள் காணாமப் போயிட்டான், கம்பெனி கடன் கட்ட முடியாம திணறிச்சு. ஒரே மாதிரி கஸ்டமர நம்பி பெரிய கடன் வாங்கினா இதுதான் ஆபத்து. உங்க ஊர்லயும் யார் கட்டணத்த நம்பி கடன் கணக்கு போட்டுருக்காங்கன்னு பாருங்க, நாலு கல்யாண மண்டபமும் ஒரு காலேஜும்தான் பெருசா கட்டப் போகுதுன்னா உஷாரா இருங்க.

#9 கணக்கு_கேள்

கடன் கடன்ங்கறீங்களே, நகராட்சிக்கு யார் கடன் குடுப்பா? கட்டலன்னா ஜப்தி பண்ணுவாங்களா?

#10 டம்பி_லெவல்

நல்ல கேள்வி. நம்ம மாநிலத்துல இதுக்குன்னே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம்னு 1996-லேருந்து இருக்கு, உலக வங்கி கடன்ல ஆரம்பிச்சது. அப்புறம் டுஃபிட்கோன்னு நகராட்சிங்களுக்கு கடன் குடுக்குற அரசு நிறுவனம் இருக்கு. நகராட்சி கட்டலன்னா அரசுகிட்டேருந்து வர வேண்டிய பங்குலேருந்து பிடிச்சுக்குவாங்க, சொத்து வரி வசூல தனி எஸ்க்ரோ கணக்குல (கடன் தவணை போகத்தான் மிச்சத்த எடுக்க முடியும்) விடணும்னும் சில கடன்ல நிபந்தனை உண்டு. ஜப்தி எல்லாம் இல்ல, ஆனா பிடிச்சுட்டா அந்த மாசம் குப்பை வண்டிக்கு டீசல் இருக்காது, அது ஜப்திய விட மோசம்.

பெரிய ஊருங்க முதலீடு பண்றவங்ககிட்ட கடன் பத்திரம் வித்து பணம் தெரட்டுது. அகமதாபாத் 1998-லயே மாநில அரசு உத்தரவாதம் இல்லாம 100 கோடிக்கு போட்டுச்சு. சென்னை மாநகராட்சி 2025 மே மாசம் 200 கோடிக்கு பத்திரம் விட்டு தேசிய பங்குச் சந்தைல (என்எஸ்இ) பட்டியல் போட்டாங்க, 7.97 சதவீத வட்டி, கொசஸ்தலையாறு மழைநீர் வடிகால் வேலைக்கு. நம்ம மாதிரி சின்ன ஊருக்கு தனியா போனா யாரும் வாங்க மாட்டான். அதுக்கு 2002 வாக்குலயே இங்க ஒரு வழி செஞ்சாங்க, 13 உள்ளாட்சிங்கள ஒண்ணா கட்டி 30 கோடி ரூபா சுமாருக்கு ஒரே பத்திரம், ஒருத்தர் சறுக்கினாலும் மத்தவங்க வருமானமும் மாநில அரசு பங்கும் பின்னாடி நிக்கும். நாட்டுலயே மொதல்ல செஞ்சது நாமதான். அது ஏன் அப்புறம் பெருசா வளரலன்னு எனக்கு இன்னைக்கும் ஆதங்கம் உண்டு. மானியம் தாராளமா வந்ததும் கடன் வாங்கி கணக்கு காட்டி திருப்பிக் கட்டுற பழக்கம் போச்சுன்னு நான் நெனக்கிறேன்.

#11 செங்கை_தெற்கு

குறுக்க வரேன், மன்னிக்கணும். எல்லா ஊருக்கும் பாதாள சாக்கடை தேவையா? எங்க பக்கம் மதுராந்தகம் கிட்ட கருங்குழி பேரூராட்சில 2017-ல மாநிலத்துலயே மொதல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் போட்டாங்க. செப்டிக் டேங்க் அப்படியே இருக்கும், லாரி வந்து எடுத்துட்டுப் போய் ஏரில கொட்டாம அங்க கொண்டு போய் கொட்டும், அங்க காய வெச்சு சுத்திகரிக்கிறாங்க, மதுராந்தகம் லாரியும் அங்கதான் வருது. தெருவெல்லாம் தோண்ட வேணாம். செலவு பாதாள சாக்கடைல ஒரு சின்ன பங்குதான். இப்ப கழிவுநீர் லாரிக்கு லைசென்ஸ் கட்டாயம், கண்ட எடத்துல கொட்டினா அபராதம்னு சட்டமும் வந்துருச்சு.

#12 டம்பி_லெவல்

கருங்குழி மாதிரி வீடுங்க தள்ளித் தள்ளி இருக்குற ஊருக்கு அதுதான் சரி, நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா ஏரிக்கரைக்காரன் தம்பி சொன்ன மாதிரி 1200 சதுர அடி மனைல போரும் டேங்கும் ஒட்டி இருந்தா, டேங்குலேருந்து வெளிய வர்ற தண்ணி உறிஞ்சுறதுக்கு மண்ணே இல்ல. லாரி எடுக்கறது கசடுதான், மத்த தண்ணி பூரா நிலத்துக்கும் தெருவுக்கும்தான் போகும். அந்த அடர்த்திக்கு பைப்புதான் வழி.

இன்னொரு விஷயத்த யாரும் இங்க தொடல. மேன்ஹோல் அடச்சா யார் எறங்குவாங்க? கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம ஆள எறக்கறது குற்றம், 2023-ல உச்ச நீதிமன்றம் சாக்கடைல உயிர் போனா 30 லட்சம் இழப்பீடுன்னு சொல்லிருக்கு. ஆனா அடைப்பெடுக்குற வண்டி வாங்கி வைக்காத ஊர்ல கடைசில கான்ட்ராக்டர் ஒரு பையனத்தான் எறக்குவான். என் சர்வீஸ்ல என் தூக்கத்த கெடுத்தது இது ஒண்ணுதான். ஜெட்டிங் வண்டி (தண்ணிய வேகமா அடிச்சு பைப்ப சுத்தம் பண்றது), அடைப்பெடுக்குற மெஷின், அத ஓட்ட டீசல், ஆளு, இது எல்லாம் திட்ட அறிக்கைல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் டெபாசிட் கட்டுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி கேளுங்க.

#13 ஏரிக்கரைக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தனயும் படிச்ச பிறகு என் முடிவு கட்டறதுதான், ஆனா கேட்டு வாங்கிட்டு கட்டறது. கணக்கு_கேள் சார், உங்க கோவம் நியாயம், அந்தக் கோவத்தோட பணத்த நிறுத்தினா நஷ்டம் எங்க போர் தண்ணிக்குத்தான் சார், நகராட்சிக்கு இல்ல. வார்டு மக்கள் கூடிப் பேசுற அடுத்த ஏரியா சபை கூட்டத்துல வைக்கறதுக்கு எழுதிருக்கேன்: டெபாசிட்டுக்கு தனி வங்கிக் கணக்கு, மாசம் ஒரு தடவ அதுல எவ்ளோ சேந்துச்சுன்னு வார்டு ஆபீஸ் போர்டுல ஒட்டணும். தவணை வசதி வேணும், குடிசைப் பகுதிக்கு கொறச்ச கட்டணம். டெபாசிட் ஓனர் பொறுப்பு, இத வாடகைக்கு இருக்கறவங்களையும் கூப்பிட்டு வெச்சே பேசப் போறோம். அடைப்பெடுக்குற வண்டி. ரோடு போடறதுக்கான பணம் டெண்டர்லயே சேந்துருக்கணும், தனித் திட்டமா அப்புறம் போடுவோம்னா ஒத்துக்க மாட்டோம். ஏதாவது விட்டுருக்கனா?

#14 கணக்கு_கேள்

போர்டுல ஒட்டறது பத்தாது, வருஷக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் கேளுங்க, தணிக்கை பண்ணின கணக்க இணையத்துல போடணும்ங்கறதும் நிதிக்குழு மானியத்துக்கு ஒரு நிபந்தனைதான், அதனால இல்லன்னு சொல்ல முடியாது. அத காட்டினாங்கன்னா எங்க ஏரியாவுல நானே முன்னாடி நின்னு வசூல் பண்ணித் தரேன். காட்டலன்னா என் பதில் இன்னும் அதேதான்.

#15 பழைய_ஆலந்தூர்

தம்பி, ஒண்ணு விட்டுட்டீங்க. வேல நடக்கும்போது தெருவுக்கு ரெண்டு பேரு பொறுப்பெடுத்துக்கங்க. எந்த பைப்பு எறங்குது, அடில மணல் போட்டாங்களா, மூடும்போது தண்ணி விட்டு இறுக்கினாங்களான்னு நின்னு பாக்கணும். எங்க தெருவுல பென்ஷன்காரங்க முறை வெச்சு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, கான்ட்ராக்டர் ஆளுங்களுக்கு மோரும் குடுப்பாங்க, தப்பா போட்டா உதவிப் பொறியாளருக்கு (ஏஈ) போனும் போடுவாங்க.

#16 டம்பி_லெவல்

அதோட இதையும் சேத்துக்கங்க. ரோடு போடறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இணைப்புக்கான சேம்பர் (சின்னத் தொட்டி) வரைக்கும் பைப்ப கொண்டு வந்து விட்டுடச் சொல்லுங்க, டெபாசிட் கட்டாத வீட்டுக்கும் சேத்து. இல்லன்னா கட்டக் கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் புது ரோட்ட வெட்டுவாங்க. உங்க வீட்ல பின்பக்கம் டாய்லெட் இருந்தா முன்வாசல் வரைக்கும் சரிவு கிடைக்குதான்னு இப்பவே ஒரு பிளம்பர வெச்சு லெவல் பாத்துருங்க, நெறய பேரு கனெக்ஷன் எடுக்காம போறது காசு இல்லாம இல்ல, வீட்டுத் தரைய ஒடைக்கணுமேன்னுதான். மழைத்தண்ணி பைப்ப மட்டும் எக்காரணம் கொண்டும் இதுல விட்டுறாதீங்க, ஒரு தெரு விட்டாலும் மழை நாள்ல தாழ்வான தெருவுல மேன்ஹோல் மூடி தூக்கிடும். ஏரியா சபை தேதி தெரிஞ்சா இங்க போடுங்க தம்பி, திட்ட அறிக்கை காப்பி கைக்கு வந்தா அந்த ஓட்டுற செலவு பக்கத்த போட்டோ எடுத்து போடுங்க, நான் படிச்சு சொல்றேன்.